சத்தத்தை வச்சுச் சொல்லிருவேன்

இங்கிட்டு உட்காரு தாயி. சன்னல் ஓரம் வேண்டாம், உனக்கு அடிக்கடி எந்திரிச்சு இடுப்பை நிமித்தணும்போல இருக்கும். பையை என் மடியில வையி. அட, சும்மா வையி, எனக்கு என்ன பாரம்? எட்டு முடிஞ்சு ஒம்போது நடக்குதா? பார்த்தியா, சரியாச் சொல்லிட்டேன். வயித்தைப் பார்த்துச் சொல்லல. பஸ் படியேறும்போது ஒரு மூச்சு விட்டியே, அதை வச்சுச் சொன்னேன்.

இருபத்தாறு வருசம் பிரசவ வார்டுல ஆயாவா இருந்தவ நான். பஞ்சவர்ணம்னா எங்க ஊரு ஆஸ்பத்திரியில தெரியாத ஆள் கிடையாது. படிப்பு அஞ்சாவதோட சரி. ஆனா டாக்டரம்மா வந்ததும் ரிப்போர்ட்டைக் கேக்காது, என்னைத்தான் கேக்கும். “பஞ்சவர்ணம், உள்ளே எப்படி?”ங்கும். நான் வராந்தாவுல மாப்பு போட்டுக்கிட்டே சொல்லுவேன். சத்தத்தை வச்சுச் சொல்லிருவேன். முனகினா கர்ப்பவாய் ஒரு விரல் திறந்திருக்கு. சாமி பேரைக் கூப்பிட்டா ரெண்டு. அம்மான்னு அலறினா மூணு, நாலு. புருசனை வைய ஆரம்பிச்சா, டாக்டரம்மா, நீங்க காப்பியைக் கீழே வச்சிட்டு வாங்கம்பேன். உள்ளே போய்ப் பார்த்துட்டுச் சிரிக்கும் அந்த அம்மா. சரியா இருக்கும்.

நீ திருச்சிக்கா? நானும் திருச்சிக்குத்தான். என் மக வீடு அங்கே. ஒரே மக, சுகந்தி. நாலு மாசத்துக்கு முன்னாடி பொம்பளைப் புள்ளை பிறந்திருக்கு. பார்க்கத்தான் போறேன். பார்ப்பேனா மாட்டேனாங்கறது அங்க போய்த்தான் தெரியும்.

சொல்றேன் கேளு. நீயே சொல்லு, இதுல நான் என்ன தப்புப் பண்ணேன்னு.

அவளுக்கு ஏழு வயசா இருக்கும்போது அவங்கப்பா போயிட்டாரு. அன்னையிலேர்ந்து நானும் அவளும்தான். அப்புறம் அவ காலேஜு, ஆஸ்டலு, வேலை, கல்யாணம்னு போயிட்டா. போனாப் போனதுதான். தீவாளிக்கு வருவா, மறுநாள் பஸ்ஸேறுவா. நான் ரிடையர் ஆகி வீட்டுல உட்கார்ந்தேன். வார்டுல இருந்தவளுக்கு வீடு எப்படி இருக்கும்னு நினைக்கிறே? மிக்சி போடறது மட்டுந்தான் சத்தம். சில நாளு அரைக்க ஒண்ணும் இல்லாட்டியும் போடுவேன்.

அப்ப போன் வருது. “அம்மா, நான் முழுகாம இருக்கேன்.” எனக்கு எப்படி இருந்திருக்கும்! தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானே. மூணு மாசமாச்சும் என்கூட இருப்பா. ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டாங்க, மாமியார்கிட்டச் சொல்லிட்டு நான் போய்க் கூட்டிக்கிட்டு வந்தேன்.

வந்த அன்னைக்கே சொல்லிட்டா. “அம்மா, நான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன். வீட்டுலயே பெத்துக்கப் போறேன். நீ இருக்கியே, போதும்.”

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. என்னடி இதுன்னேன். அப்பத்தான் போனை எடுத்துக் காட்டுறா. வீட்டுல பெத்துக்கறவங்களுக்குன்னு ஒரு கூட்டம் இருக்காம், அதுல மாப்பிள்ளை தினகரனும் சேர்ந்திருக்காரு. ஒரு பொம்பளை பேசுது. நல்ல வெள்ளைச் சேலை, நெத்தியில பெரிய பொட்டு. “பயத்துக்குப் பேருதான் வலி. உங்களை நேசிக்கிறவங்க மட்டும் பக்கத்துல இருந்தாப் போதும்”ங்குது. அந்தப் பொம்பளை ஒரு பிரசவ வார்டுல ஒரு நாள் மாப்பு போட்டிருந்தா இப்படிப் பேசியிருக்குமா? எல்லாம் இந்தப் போனு பண்ணின வேலை. புள்ளை மனசுல பயத்தை ஏத்தினது இந்தப் போனுதான்.

ஆஸ்பத்திரின்னா அவளுக்கு என்ன பயம்? அவ ஆஸ்பத்திரியிலயே வளர்ந்த மாதிரிதானே. சின்னப் புள்ளையில சாயந்தரம் நான் டூட்டி முடிச்சு வந்து சோத்துக்கு உட்காரும்போது அன்னைக்கு நடந்ததெல்லாம் சொல்லுவேன். பக்கத்து வீட்டுச் சரசும் தட்டைத் தூக்கிக்கிட்டு வந்துரும், கதை கேக்க. ஒருத்தி கட்டில்ல ஏறமாட்டேன்னு என் சேலையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினா. தொடையில சுள்ளுன்னு ஒண்ணு வச்சேன் பாரு, தானா ஏறிட்டா. இன்னொருத்தி ஊரே கேக்கற மாதிரி கத்துறா. “அன்னைக்கு இனிச்சுச்சு, இன்னைக்குக் கசக்குதாடி?”ன்னு கேட்டேன், வார்டே சிரிச்சுது. சரசு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கும். சுகந்தி மட்டும் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருப்பா. சாப்பிடுறதுல எப்பவும் மந்தம் அது.

என்ன தாயி, முகம் மாறுது? உன்னைச் சொல்லல. நீ பயந்துக்காதே. அதெல்லாம் அவங்க நல்லதுக்குத்தான். கத்தினா தெம்பு போயிரும். முக்கறதுக்குத் தெம்பு வேணும்ல? நான் சுகந்தியையும் அப்படித்தான் வளர்த்தேன். கீழே விழுந்தாலும் சத்தம் போடமாட்டா. காதுகுத்துக்குக்கூட அழுகல, உதட்டைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. எல்லாரும் அசந்துட்டாங்க.

சரின்னு ஒத்துக்கிட்டேன். ஏன் ஒத்துக்கிட்டேன்னு கேப்பே. டாக்டரம்மா கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆயிரம் பிரசவம் பார்த்தவ நான். எனக்குத் தெரியாததா? அப்புறம், ஆஸ்பத்திரின்னா அவ மாமியார் வந்து உட்கார்ந்துக்கும், நாத்தனார் வரும், புள்ளையை முதல்ல கையில வாங்கறதுக்கே சண்டை. வீட்டுல எனக்கு மட்டும்தானே. “நீ இருக்கியே, போதும்”னு வாயைத் திறந்து சொல்லிட்டா. அவ அப்படி ஒரு வார்த்தை சொல்லி எத்தனை வருசம் ஆச்சுன்னு நினைக்கிறே?

கிராம நர்ஸு விடுமா? நோட்டுல பேரு, தேதி எல்லாம் ஏத்தி வச்சிருக்கு. தேதி நெருங்க நெருங்க வாசல்ல வந்து நிக்குது. “மாமியார் வீட்டுக்குப் போயிட்டாம்மா, அங்கேயே பார்த்துக்கறாங்களாம்”னுட்டேன். மாமியாருக்குப் போன் போட்டு, “பெரிய ஆஸ்பத்திரியில சொல்லி வச்சாச்சு, நானே வேலை பார்த்த இடம், நீங்க கவலைப்படாதீங்க”ன்னேன். அப்புறம் ஒம்போது நாளு, அவ வெளியில வரல. உள் ரூமுல அவ, பக்கத்துல நான். டிவி கூடப் போடல, நர்ஸுக்குக் கேட்டுரும்னு. தாயம் உருட்டினோம். அவ தலைக்கு எண்ணெய் வச்சேன். முடி கொட்டிப்போச்சுடின்னா, “உன் முடிதானேம்மா”ங்கறா. ஒம்போது நாளு தாயி. அந்த ஒம்போது நாள்ல நான் மிக்சியைத் தொடவே இல்ல, அம்மியிலதான் எல்லாம் அரைச்சேன்.

செவ்வாய்க்கிழமை விடியக்காலம் வலி கண்டுருச்சு. மாப்பிள்ளை முந்தின நாளே வந்துட்டாரு. ரூமைக் கழுவி, துணியெல்லாம் அவிச்சுக் காயவச்சு, எல்லாம் தயாரா இருந்துச்சு. சுகந்தி நடக்குறா. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடக்குறா. நான் அடுப்படியில காதைத் தீட்டிக்கிட்டு இருக்கேன். சத்தமே இல்ல.

எட்டு மணி ஆச்சு, முனகல் இல்ல. பத்து மணி ஆச்சு, முருகான்னு ஒரு வார்த்தை இல்ல. மாப்பிள்ளை வந்து, “அத்தை, அவ முகம் ஒரு மாதிரி இருக்கு”ங்கறாரு. “அட போங்க மாப்பிள்ளை, ஒரு விரல்கூட ஆகியிருக்காது. பொம்பளை கத்துற கத்தை நீங்க கேட்டதில்ல. கேக்கும்போது தெரியும்”னேன். ரசம் வச்சேன். அப்பளம் பொரிச்சேன். அவருக்குச் சோறு போட்டேன். “அத்தை, நீங்க ஒரு தடவை வந்து பாருங்களேன்”ங்கறாரு. “நான் இங்கேயிருந்தே பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்”னு அதட்டிட்டேன்.

ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். துண்டைச் சுருட்டி வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டு நிக்குறா. கண்ணு ரெண்டும் என்னையே பார்க்குது. என் மக எப்படித் தாங்குறா பாருன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு. “அப்படித்தான்டி ராசாத்தி, சத்தம் காட்டாதே”ன்னு சொல்லிட்டு வந்தேன்.

இப்ப வரைக்கும் எனக்கு விளங்கல தாயி. அவ ஏன் கத்தலை? ஒரே ஒரு தடவை அம்மான்னு கத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். அப்பவே ஓடியிருப்பேன். வாயைத் திறக்காட்டி மத்தவளுக்கு எப்படித் தெரியும்?

ஒரு மணி வாக்குல தொப்புன்னு ஒரு சத்தம். தண்ணிக்குடம் உடைஞ்சிருச்சு. மாப்பு எடுத்துக்கிட்டு நானே போனேன், பழக்கம் பாரு. குனிஞ்சு துடைக்கிறேன், தண்ணி பச்சையா இருக்கு.

அந்தப் பச்சை எனக்குத் தெரியும். இருபத்தாறு வருசத்துல எத்தனையோ தடவை துடைச்சிருக்கேன். வயித்துக்குள்ளேயே புள்ளை வெளிக்குப் போயிருச்சுன்னா அப்படி வரும். அந்தத் தண்ணியைப் பார்த்தா டாக்டரம்மா நடக்காது, ஓடும். நான் மாப்பைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்குறேன். ஓடுறதுக்கு யாரும் இல்ல.

மாப்பிள்ளை அந்த வெள்ளைச் சேலைப் பொம்பளைக்குப் போன் போட்டுட்டாரு. அது, “நிறம் மாறுறது இயற்கை, பதறாம மூச்சை இழுத்து விடச் சொல்லுங்க”ங்குது. நான் அந்தப் போனைப் பிடுங்கி, அதுலயே நூத்தியெட்டுக்கு அடிச்சேன். அடிச்சதும் நான்தான். இதை நல்லா ஞாபகம் வச்சுக்க தாயி. அடிச்சது நான்தான்.

வண்டி வர இருபது நிமிசம். தெருவே கூடிருச்சு. கிராம நர்ஸு ஓடி வருது. என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. நேரா உள்ளே போயி சுகந்தி கையைப் பிடிச்சுக்கிட்டு, வயித்துல ஒரு குழாயை வச்சுக் கேட்டுச்சு. “இருக்கு, இருக்கு, துடிப்பு இருக்கு”ன்னுச்சு. வண்டியில சுகந்தி பக்கத்துல அதுதான் உட்கார்ந்துச்சு. நான் முன்னாடி, டிரைவர்கிட்ட.

எங்க ஆஸ்பத்திரிதான். எங்க வார்டுதான். எனக்கு அப்பத்தான் உசுரே வந்துச்சு. ஸ்ட்ரெச்சர் கூடவே நானும் உள்ளே நுழையறேன், மாரிக்கண்ணு குறுக்கே கையை நீட்டிட்டா. மாரிக்கண்ணுன்னா எனக்கப்புறம் என் எடத்துக்கு வந்தவ. நான்தான் பழக்கினேன், மாப்பு பிழியறதுலேர்ந்து. “அக்கா, சொந்தக்காரங்க உள்ளே வரக்கூடாது. நீங்க சொல்லிக் குடுத்ததுதானே”ங்கறா. ஏய், நான்டி, பஞ்சவர்ணம்டின்னேன். “அதனாலதான்க்கா சொல்றேன்”னு கதவைச் சாத்திட்டா.

இருபத்தாறு வருசத்துல அந்தக் கதவுக்கு வெளியில காத்துக்கிட்டு நான் நின்னதே இல்ல. அதுல கீழே ஒரு ஓரம் பெயிண்டு உரிஞ்சிருக்கு. கதவடியில உட்கார்ந்தவங்க நகத்தால சுரண்டிச் சுரண்டி உரிச்சிருக்காங்க. நானும் உட்கார்ந்தேன்.

அப்பத்தான் கேட்டுச்சு. “அம்மா...”ன்னு ஒரு அலறல். என் மக குரல்னு எனக்கு முதல்ல தெரியல. அவ கத்தி நான் கேட்டதே இல்லையே. என் வாய் பாட்டுக்கு, “நாலு விரல்”னுச்சு. சொல்லிட்டுத்தான் இது சுகந்தின்னு உறைச்சுது. உடனே மாரிக்கண்ணு சத்தம். “இப்பக் கத்தி என்ன பிரயோசனம்? அன்னைக்கு இனிச்சுச்சு, இன்னைக்குக் கசக்குதா?” அப்படியே என் குரல் மாதிரி. இழுவைகூட மாறல.

அதுக்கப்புறம் சுகந்தி கத்தல. உள்ளே ஒரு சத்தமும் இல்ல. நான் கதவைத் தட்டினேன். “மாரிக்கண்ணு, அவளைக் கத்த விடுடி, சத்தம் கேக்கலைன்னா எனக்கு ஒண்ணும் தெரியலைடி”ன்னு தட்டினேன். செக்யூரிட்டி வந்து, “ஏம்மா, படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் கேக்கமாட்டீங்களா?”ன்னு என் தோளைப் பிடிச்சுத் தள்ளிட்டான். புது ஆளு. என்னைத் தெரியாது அவனுக்கு.

ஆபரேசன் பண்ணித்தான் எடுத்தாங்க. புள்ளை வந்ததும் அழுகலையாம். பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்க. பதினோரு நாளும் நான் அந்த வராந்தாவுலதான் கிடந்தேன். மாரிக்கண்ணு டீ வாங்கிக் குடுத்தா. “உங்க மகன்னு தெரியும்க்கா. கத்தினதும் வாயில தானா வந்துருச்சு”ன்னா. பரவாயில்லடி, டூட்டி அப்படித்தான்னேன். வேற என்ன சொல்ல? அவ வேலையை அவ செஞ்சா.

புள்ளை பொழைச்சிருச்சு தாயி. நல்லாப் பொழைச்சிருச்சு. மூணு மாசத்துல குப்புற விழுந்துருச்சாம், மாப்பிள்ளை சொன்னாரு. ஒரு குறையும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாராம்.

கண்ணாடிப் பெட்டியிலேர்ந்து புள்ளையை எடுக்கறதுக்கு முந்தின நாளு, சுகந்திக்குக் கஞ்சி கொண்டுபோனேன். குடிச்சா. குடிச்சுட்டு டம்ளரைக் கையிலயே வச்சுக்கிட்டு, “அம்மா, நீ எத்தனை பேரை அப்படிக் கேட்டிருப்பே?”ங்கறா. எப்படின்னேன். “கசக்குதான்னு.” எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. “அடிப்போடி, அதையெல்லாம் யாரு எண்ணிக்கிட்டு இருந்தா?”ன்னேன். டம்ளரைக் கீழே வச்சுட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட அவ ஒரு வார்த்தை முழுசாப் பேசல.

வீட்டுல தொட்டில் கட்டி வச்சிருந்தேன். பத்தியச் சாமான் எல்லாம் பொடிச்சு டப்பா டப்பாவா வச்சிருந்தேன். டிஸ்சார்ஜ் அன்னைக்குக் காரு வந்துச்சு, நேராத் திருச்சிக்குப் போயிருச்சு. மாப்பிள்ளை இறங்கி வந்து, “அத்தை, கொஞ்ச நாளு போகட்டும்”னாரு. கொஞ்ச நாளுன்னா எத்தனை நாளுன்னு நான் கேக்கல.

ரெண்டு தடவை போனேன். முதல் தடவை காப்பி குடுத்தா. புள்ளை தூங்குதுன்னா. உள் ரூமுல அதோட அசைவு எனக்குக் கேக்குது, முழிச்சுக்கிட்டுக் காலை உதைக்குது. தூங்குதுங்கறா. காப்பியைக் குடிச்சிட்டு வந்துட்டேன். ரெண்டாவது தடவை கதவே திறக்கல. அவ செருப்பு வாசல்லதான் கிடந்துச்சு. அரை மணி நேரம் நின்னேன். போன் போட்டா எடுக்கமாட்டா. மாப்பிள்ளைதான் சாயந்தரமாக் கூப்பிட்டு, “என்னத்தை, சாப்பிட்டீங்களா?”ம்பாரு.

எல்லாம் அந்த நூத்தியெட்டுக்கு அடிச்சதுக்குத்தான் கோபம். வேற என்ன இருக்கு? வீட்டுல பெத்துக்கணும்னு ஆசைப்பட்டா, நான் கெடுத்துட்டேன்னு நினைக்கிறா. நான் அடிக்காட்டி என்ன ஆயிருக்கும்? புள்ளை இருக்குமா, இவ இருப்பாளா? அதை யோசிக்கமாட்டேங்கறா. பெத்தவ செஞ்ச நல்லது எப்பத்தான் புள்ளைங்களுக்குத் தெரிஞ்சிருக்கு?

இன்னைக்கு மூணாவது தடவை. வர்றேன்னு சொல்லல. சொன்னா பூட்டிக்கிட்டு எங்கேயாச்சும் போயிருவா.

தாயி, ஒரு உதவி செய்வியா? உன் போன்லேர்ந்து அவளுக்கு ஒரு தடவை அடிச்சுத் தர்றியா? என் நம்பர்னா எடுக்கமாட்டா. நான் ஒண்ணும் பேசமாட்டேன். வீட்டுல இருக்காளான்னு தெரிஞ்சாப் போதும். வேற யாருக்கோ அடிச்சது தப்பா வந்துருச்சுன்னு நீ சொல்லி வச்சிரு. இந்தா, என் போன்ல முதல்ல இருக்கற பேரு அதுதான். சத்தமா வையி, எனக்கும் கேக்கட்டும்.

அடிக்குது.

எடுத்துட்டா! பேசு தாயி, பேசு. ஏன் என்னையே பார்க்குறே? ஏதாச்சும் சொல்லு. வாயைத் திறந்து சொல்லு...

வச்சிட்டியா? சரி விடு. நீ ஏன் ஒண்ணுமே பேசலை? பாவம், அவ எத்தனை தடவை ஹலோ ஹலோங்கறா. “யாருங்க, ஏன் பேசமாட்டேங்கறீங்க, ஏதும் கஷ்டமா, நான் லைன்லதான் இருக்கேன், மெதுவாச் சொல்லுங்க”ங்கறா. கேட்டியா அவ குரலை? யாருன்னே தெரியாத ஆளுகிட்ட எவ்வளவு பதமாப் பேசுறா! நாலு மாசத்துல இவ்வளவு பேச்சு இப்பத்தான் நான் கேக்கறேன். பின்னாடி புள்ளை ஒரு சத்தம் குடுத்துச்சே, அதையும் கேட்டியா?

என்ன, உன் போனு அடிக்குதா? யாரு? அவளா?

ஒண்ணும் பேசாம வச்ச ஆளை எதுக்குத் திரும்பக் கூப்பிடுறா? பேசாம இருந்தா அவளுக்கு என்ன தெரியும்?

குடு, நான்... இல்ல, வேண்டாம். என் குரலைக் கேட்டா வச்சிருவா. நீயே எடு தாயி. நான் இங்க இருக்கேன்னு சொல்லிராதே. எடு, நின்னுறப் போகுது. எடுத்து ஏதாச்சும் பேசு.